கொல்லத் தெரிந்தும் கொன்று தீர்க்காத வைரஸ்கள்

ஈ.கோலை பாக்டீரியாவைச் சத்துநீரில் விட்டு, உடல் சூட்டில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில் குடுவை கலங்கத் தொடங்கும். அந்தக் கலங்கல் முழுக்கப் பாக்டீரியாதான். ஒரு மில்லிலிட்டரில் பல கோடி இருக்கும். அதில் டி4 என்ற வைரஸ் கலந்த திரவத்தை நாலைந்து சொட்டு விட்டு மறுபடி குலுக்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் கலங்கல் மெல்லக் குறையும். கடைசியில், குடுவைக்குப் பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்குத் திரவம் தெளிந்துவிடும். உடைந்த செல்களிலிருந்து வெளியே வந்த கசடு மட்டும் நூல்நூலாக மிதந்துகொண்டிருக்கும்.

பாக்டீரியாவைத் தாக்கும் இந்த வகை வைரஸ்களுக்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர், சுருக்கமாக ஃபேஜ். நம் ஒவ்வொருவரின் பெருங்குடலிலும் இவை இருக்கின்றன. ஒரு கிராம் மலத்தில் பத்துக் கோடியிலிருந்து ஆயிரம் கோடி வரை ஃபேஜ் துகள்கள் இருக்கும் என்பது பல ஆய்வுக்கூடங்கள் எண்ணிப் பார்த்த கணக்கு. அதே ஒரு கிராமில் பாக்டீரியாக்கள் சுமார் பத்தாயிரம் கோடி. உடல் முழுக்க இருக்கும் பாக்டீரியாக்களைக் கூட்டினால் ஏறத்தாழ 38 லட்சம் கோடி வரும் என்று 2016-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில்தான் வாழ்கிறது.

சரி, குடுவையில் சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் உடைத்துப் போடுகிற வைரஸ்கள், குடலில் கோடிக்கணக்கில் இருந்தும் ஏன் அதைக் காலி செய்யவில்லை? இரையும் வேட்டைக்காரனும் ஒரே அறையில் பல வருடங்கள் அடுத்தடுத்து வாழ்வது எப்படி? குடல் ஃபேஜ்களைப் பற்றி இப்போது வரும் செய்திகளில் பாதி அவற்றை மருந்து என்கின்றன, மீதி நோய்க்குக் காரணம் என்கின்றன. இரண்டையும் சரியாக எடைபோட வேண்டுமானால், முதலில் இந்தப் புதிரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பு சிலிர்ப்பது இயல்பு. ஆனால் ஃபேஜால் மனித செல்லுக்குள் புகுந்து பெருக முடியாது. அது ஒட்டிக்கொள்ள வேண்டிய பிடிகள் பாக்டீரியாவின் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. அதிலும் எல்லாப் பாக்டீரியாவும் அதற்குச் சரிப்பட்டு வராது. பெரும்பாலான ஃபேஜ்கள் ஒரே ஒரு இனத்தை, பல நேரம் அந்த இனத்துக்குள்ளும் சில வகைகளை மட்டுமே தாக்கும். டி4-ஐ எடுத்துக்கொண்டால், அதன் வால் இழைகள் ஈ.கோலையின் மேல்தோலைத் தடவிப் பார்க்கும். பிடி சரியாகக் கிடைத்துவிட்டால் வால் சுருங்கி, ஊசிபோல் உள்ளே இறங்கி, தலைக்குள் இருக்கும் டிஎன்ஏவைச் செலுத்திவிடும். அரை மணி நேரத்துக்குள் பாக்டீரியா வெடித்து நூற்றுக்கும் மேற்பட்ட புதிய வைரஸ்கள் வெளியே வரும்.

குடலில் கிடைத்த முதல் துப்பு

ஃபேஜ் கண்டுபிடிக்கப்பட்ட கதையே குடலில்தான் தொடங்குகிறது. லண்டனில் ஃபிரெடெரிக் ட்வோர்ட் 1915-இல் பாக்டீரியாத் திட்டுகள் கண்ணாடிபோல் கரைந்துபோவதைப் பார்த்து எழுதியிருந்தார். ஆனால் அதன் பொருளை முழுதாகப் பிடித்தவர் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் வேலை செய்த ஃபெலிக்ஸ் தெரெல். முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ வீரர்களிடையே பரவிய சீதபேதியை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயாளியின் மலத்தைக் கரைத்து, பாக்டீரியாவே நுழைய முடியாத நுண்துளைப் பீங்கான் வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரைச் சீதபேதிக் கிருமி வளரும் குடுவையில் கலந்தார். மறுநாள் காலையில் கலங்கியிருந்த குடுவை தெளிந்திருந்தது. உடனே அவருக்குத் தோன்றியது, இதே காரியம் இரவில் அந்த நோயாளியின் குடலிலும் நடந்திருக்குமோ என்பதுதான். ஓடிப்போய்ப் பார்த்தால், நோயாளி தேறிக்கொண்டிருந்தார். இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

1917-இல் அவர் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டு, பாக்டீரியாவை உண்பது என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். 1919-இல், தானே குடித்துப் பார்த்துவிட்டு, பாரிஸில் சீதபேதியால் அவதிப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். அடுத்த இருபது வருடங்கள் ஃபேஜ் மருந்துகள் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் விற்கப்பட்டன. பென்சிலின் வந்ததும் மேற்கு நாடுகள் அதை மறந்துவிட்டன. ஜார்ஜியாவின் திபிலிசியில், தெரெலின் நண்பர் ஜார்ஜ் எலியாவா தொடங்கிய நிறுவனமோ அந்த வேலையை விடாமல் தொடர்ந்தது.

தெரெலின் கூர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவர் பார்த்தது ஃபேஜின் ஒரு முகம். நோய்க்கிருமி ஒன்று குடலை ஆக்கிரமித்து ஏராளமாகப் பெருகி நிற்கிறது. அதன் எதிரியான ஃபேஜும் கூடவே பெருகி அதை வீழ்த்துகிறது. நோயில்லாத குடலில், ஒரு சாதாரண நாளில் என்ன நடக்கிறது என்பது அவர் காலத்துக் கருவிகளுக்கு எட்டாத விஷயம்.

கண்ணுக்கு முன்னால் மறைந்திருந்த ஒன்று

அது எட்டியது டிஎன்ஏவை மொத்தமாகப் படிக்கும் முறை வந்த பிறகுதான். ஒரு ஃபேஜை வளர்க்க வேண்டுமானால் முதலில் அதன் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். குடல் பாக்டீரியாக்களில் பல ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போகும். அதனால் வளர்ப்பதை விட்டுவிட்டு, மலத்தில் இருக்கும் வைரஸ் துகள்களைப் பிரித்து அவற்றின் டிஎன்ஏவை நேராகப் படிக்கலாம் என்று மியா பிரைட்பார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2003-இல் செய்து காட்டினார்கள். ஒரே ஒருவரின் மலத்தில் சுமார் 1,200 வகை வைரஸ்கள் இருக்கலாம் என்று கணக்கு வந்தது. படித்த துண்டுகளில் பெரும்பாலானவை அதுவரை தெரிந்த எந்த உயிரியின் டிஎன்ஏவோடும் ஒத்துப்போகவில்லை.

இந்த இருட்டிலிருந்து வெளிவந்ததுதான் 2014-இல் கிடைத்த கிராஸ்ஃபேஜ். பாஸ் டியூடில், ராபர்ட் எட்வர்ட்ஸ் ஆகியோர் அடங்கிய குழு புதிதாக எந்த மாதிரியையும் சேகரிக்கவில்லை. மற்றவர்கள் ஏற்கெனவே படித்துப் பொதுவில் வைத்திருந்த தரவுகளை ஒன்றோடொன்று குறுக்காகச் சேர்த்துப் பார்த்தார்கள். பல பேரின் மலத்தில் சேர்ந்தே வரும் துண்டுகளை ஒட்டிக்கொண்டே போனபோது, சுமார் 97,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு முழு வைரஸ் உருவெடுத்தது. அந்தப் பொதுத் தரவுகளில், அதுவரை அறியப்பட்ட மற்ற எல்லா ஃபேஜ்களையும் சேர்த்தால் எவ்வளவோ, அதைப்போல் ஆறு மடங்கு இந்த ஒன்று மட்டும் இருந்தது. மனிதர்களில் பாதிப்பேர் வரை இதைச் சுமக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. பெரியம்மை வைரஸைத் தெரியும், காய்ச்சல் வைரஸைத் தெரியும். நம்மில் பாதிப்பேருக்குள் இருக்கும் வைரஸை 2014 வரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நோய் தராத ஒன்றை நாம் எவ்வளவு சுலபமாகப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தரவில் கிடைத்ததைக் குடுவையில் பிடிக்க இன்னும் நான்கு வருடம் ஆனது. 2018-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் ஆந்த்ரே ஷ்கோபொரோவ், காலின் ஹில் ஆகியோரின் குழு, கிராஸ்ஃபேஜ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸை முதன்முதலாக ஆய்வகத்தில் வளர்த்தது. அது வாழும் பாக்டீரியா பாக்டீராய்டிஸ் இன்டஸ்டைனாலிஸ். பெருங்குடலில் நார்ச்சத்தை உடைத்து வாழும் பெருங்குடும்பத்தில் ஒன்று. தட்டில் பரப்பிய பாக்டீரியா மேல் விட்டால், இந்த ஃபேஜ் எல்லா ஃபேஜையும் போலத் தெளிவான சின்னச் சின்ன வட்டங்களைப் போட்டது. அதாவது அதற்குக் கொல்லத் தெரியும். ஆனால் திரவக் குடுவையில் விட்டபோது குடுவை தெளியவே இல்லை. ஃபேஜ் பெருகிக்கொண்டே போனது, பாக்டீரியாவும் வளர்ந்துகொண்டே போனது. இரண்டும் ஒரே குடுவையில், நாள் கணக்கில்.

நாம் தொடங்கிய புதிருக்கு விடை இங்கேதான் பிடிபடுகிறது. பாக்டீராய்டிஸ் இனங்கள் தங்கள் மேல் சர்க்கரையால் ஆன ஒரு உறையைப் போர்த்திக்கொள்கின்றன. ஒரே வகை உறை இல்லை. இந்தக் குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்ட பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரானிடம் எட்டு வகை உறைகளுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. எந்த உறையை இப்போது போடுவது என்பதைத் தீர்மானிக்கும் டிஎன்ஏத் துண்டு தானாகவே திசை மாறித் திரும்பிக்கொள்ளும். ஒரு திசையில் இருந்தால் அந்த உறை கிடைக்கும், எதிர்த் திசையில் இருந்தால் கிடைக்காது. இது யாரும் சொல்லி நடப்பதில்லை, கண்டபடி நடக்கிறது. அதனால் ஒரே தாயிடமிருந்து வந்த பாக்டீரியாக் கூட்டத்திலும் எந்த நேரத்திலும் சிலது வேறு உறையோடு நிற்கும். ஃபேஜுக்கு ஒரு குறிப்பிட்ட உறைதான் பிடி. அந்த உறையோடு இருப்பவை வெடிக்கின்றன. வேறு உறையோடு இருப்பவை தப்பிப் பெருகுகின்றன. பெருகும்போது அவற்றின் வாரிசுகளில் சில மறுபடி பழைய உறைக்கே திரும்புகின்றன, ஃபேஜுக்கு மறுபடி இரை கிடைக்கிறது. பாக்டீரியாவும் அழிவதில்லை, ஃபேஜும் பட்டினி கிடப்பதில்லை.

இது ஒரு வழி. குடலின் அமைப்பே இன்னொரு வழி தருகிறது. குடுவையைக் குலுக்குகிறோம், அதனால் ஃபேஜும் பாக்டீரியாவும் மோதிக்கொண்டே இருக்கும். குடல் அப்படிக் கலக்கப்படும் இடமல்ல. சளிப் படலம், உணவுத் துகள், மடிப்பு என்று ஒளிந்துகொள்ள ஆயிரம் மூலைகள். பாக்டீரியாக்களின் கிரிஸ்பர் பாதுகாப்பும் இருக்கிறது: முன்பு தாக்கிய வைரஸின் டிஎன்ஏவில் ஒரு துணுக்கை வெட்டித் தன் மரபணுவில் பதித்துக்கொண்டு, அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு நறுக்கிவிடும். மரபணுத் திருத்தத்துக்கு இன்று உலகம் பயன்படுத்தும் கருவி அங்கிருந்து வந்ததுதான்.

மூன்றாவது வழிதான் ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியம். பல ஃபேஜ்கள் உள்ளே நுழைந்ததும் கொல்வதில்லை. தங்கள் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு ஒட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகின்றன. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் வைரஸின் டிஎன்ஏவும் கூடவே நகலாகும். பாக்டீரியாவுக்கு ஆபத்து வரும்போது, முக்கியமாக அதன் டிஎன்ஏ சேதமாகும்போது, தூங்கியது விழித்துக்கொண்டு, வைரஸ்களைத் தயாரித்து, வீட்டை உடைத்து வெளியேறும். புற ஊதாக் கதிர் பட்டால் இந்த விழிப்பு நடக்கிறது என்று 1950-இல் பிரான்ஸில் ஆந்த்ரே ல்வோஃப் காட்டினார். 1965-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இப்படி ஒன்றிரண்டு தூங்கும் வைரஸ்களைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த மூன்று வழிகளும் சேர்ந்து குடல் வைரஸ் கூட்டத்தை அசாதாரணமாக நிலையானதாக்குகின்றன. கார்க் குழு பத்துப் பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, ஒவ்வொருவரிடமும் அவரவருக்கே உரிய ஒரு கூட்டம் மாதத்துக்கு மாதம் மாறாமல் இருந்தது. அதற்கு முன்பே, 2010-இல், இரட்டையர்களையும் அவர்களின் தாய்மார்களையும் ஒப்பிட்ட ஆய்வும் இதைச் சொன்னது: உருவ ஒற்றுமையுள்ள இரட்டையர்களின் குடல் பாக்டீரியாக்களில் ஓரளவு ஒற்றுமை உண்டு, ஃபேஜ்களில் அந்த ஒற்றுமை இல்லை. 2021-இல் வெளியான ஒரு குடல் ஃபேஜ் தொகுப்பில் உலகெங்கும் இருந்து எடுத்த 28,060 மாதிரிகளிலிருந்து 1,42,809 ஃபேஜ் மரபணுத் தொகுதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் அதுவரை யாரும் பார்க்காதவை.

இந்தக் கூட்டம் எப்போது குடியேறுகிறது? 2020-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஒரு ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பிறந்தவுடன் கிடைத்த முதல் மலத்தில் வைரஸ் துகள் ஏறக்குறைய இல்லை. ஒரு மாதத்தில் ஒரு கிராமுக்கு நூறு கோடி. முதலில் குடியேறும் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் தூங்கும் ஃபேஜ்களையும் கொண்டுவருகின்றன, அவை விழித்து வெளியே வருகின்றன. நாலாவது மாதத்தில் மனித செல்லைத் தாக்கும் வைரஸ்களும் தென்படத் தொடங்கின. தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் அவை குறைவாக இருந்தன.

தூக்கம் கலையும்போது

தூங்கும் வைரஸ் சும்மா தூங்குவதில்லை. வரும்போது தன்னோடு மரபணுக்களையும் கொண்டுவருகிறது. அந்த மரபணு சில நேரம் விஷம் செய்யும் மரபணு.

காலராவைப் பாருங்கள். காலராக் கிருமி உடம்பிலிருந்து லிட்டர் லிட்டராக நீரை வெளியேற்றுவதற்குக் காரணம் அது சுரக்கும் நச்சு. அந்த நச்சுக்கான மரபணு கிருமியுடையதே அல்ல, ஒரு ஃபேஜுடையது என்று 1996-இல் மேத்யூ வால்டரும் ஜான் மெகலனோஸும் கண்டறிந்தார்கள். அதைவிட வியப்பு, அந்த ஃபேஜ் நுழையும் வாசல். கிருமி குடல் சுவரில் நிலைகொள்வதற்கு மயிரிழை போன்ற உறுப்பு ஒன்று தேவை. ஃபேஜ் பிடித்துக்கொள்வது அந்த இழையைத்தான். குடலில் பிழைக்கத் தெரிந்த காலராக் கிருமிக்குத்தான் விஷமும் கிடைக்கிறது. அதே காலராவுக்கு வேறு ஃபேஜ்களும் உண்டு, அவை கொல்லும் வகை. டாக்காவில் நீர்நிலைகளையும் நோயாளிகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், கொள்ளை நோய் உச்சத்துக்குப் போகும்போது இந்தக் கொல்லும் ஃபேஜ்களும் பெருகி, அதன்பின் நோய் அடங்குவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே கிருமி, ஒரு ஃபேஜ் அதை நோயாக்குகிறது, இன்னொன்று அதை அடக்குகிறது. ஃபேஜ் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எந்த ஃபேஜ், எந்தப் பாக்டீரியாவில், எந்த நிலையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

2011-இல் ஜெர்மனியில் நடந்தது இன்னும் நெருக்கமான பாடம். முளைகட்டிய வெந்தயம் வழியாகப் பரவிய ஒரு ஈ.கோலை வகையால் சுமார் 3,800 பேர் நோயுற்றார்கள்; 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது; 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடல் சுவரில் செங்கல் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும் ஒரு பாக்டீரியா வகைக்குள், ஷிகா என்ற நச்சின் மரபணுவைச் சுமக்கும் ஒரு ஃபேஜ் எப்போதோ புகுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த நச்சின் மரபணு, ஃபேஜ் தன் கடைசிக் கட்ட வேலைகளுக்கு வைத்திருக்கும் மரபணுக்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஃபேஜ் தூங்கும்வரை நச்சு பெரிதாக உருவாவதில்லை. விழித்தால் நச்சு உற்பத்தியாகி, பாக்டீரியா வெடிக்கும்போது வெளியே கொட்டும்.

இப்போது மருத்துவர் நிலையில் நின்று யோசிக்க வேண்டும். கண் முன்னால் ரத்தபேதியோடு ஒருவர். காரணம் பாக்டீரியா. கை தானாக ஆன்டிபயாடிக்கை நோக்கித்தான் போகும். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் டிஎன்ஏவைத்தான் சேதப்படுத்துகின்றன. தூங்கும் ஃபேஜை எழுப்பும் மணியும் அதுவே. கிருமியைக் கொல்லப் போய் நச்சைக் கொட்டவிடும் ஆபத்து இருக்கிறது. ஷிகா நச்சு சுரக்கும் ஈ.கோலைத் தொற்றில் ஆன்டிபயாடிக்கைத் தவிர்த்து, நீர்ச்சத்தைக் காத்து, சிறுநீரகத்தைக் கண்காணிப்பதே பொது வழக்கமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பேதி என்றதும் கையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கை விழுங்குவது ஏன் தவறாகப் போகலாம் என்று விளக்க இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

உடம்புக்கு இவை தெரியுமா?

தெரியும். குடல் சுவரின் மேல் இருக்கும் சளிப் படலத்தில், பக்கத்திலேயே இருக்கும் திரவத்தைவிட ஃபேஜ்கள் அதிகமாகச் சேர்ந்திருக்கின்றன என்று ஜெரமி பார், ஃபாரஸ்ட் ரோவர் குழு 2013-இல் காட்டியது. டி4-இன் தலையில் இருக்கும் ஒரு புரதம் சளியின் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்கிறது. சளியைத் துளைத்துச் சுவரை அடையப் பார்க்கும் பாக்டீரியா வழியிலேயே ஃபேஜிடம் மாட்டுகிறது. சளியைச் சுரப்பது நாம், அதில் காவலுக்கு நிற்பது வைரஸ். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் பார்த்த இந்தக் காட்சி எல்லாக் குடல் ஃபேஜுக்கும் பொருந்தாது. சளியில் ஒட்டும் புரதம் எல்லா ஃபேஜிடமும் இல்லை. இருந்தாலும் யோசனை அருமையானது.

2017-இல் அதே வழியில் இன்னொரு ஆய்வு வந்தது. குடல் சுவர் செல்கள் ஃபேஜ்களைச் சிறு பைகளில் விழுங்கி மறுபக்கம் கொண்டுபோய் விடுகின்றன. செல்லில் அளந்த வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 3,100 கோடி ஃபேஜ்கள் குடலிலிருந்து உடலுக்குள் கடக்கலாம். அதாவது நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு இவை அந்நியமல்ல. எலிகளில் செய்த 2019-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ்களின் டிஎன்ஏவை எதிர்ப்பு செல்கள் உணர்ந்து அழற்சிப் பொருளைச் சுரந்ததால் குடல் அழற்சி மோசமானது.

குடல் அழற்சி நோய்களில் ஃபேஜின் பங்கு பற்றிய பேச்சு 2015-இல் சூடுபிடித்தது. கிரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் உள்ளவர்களிடம் பாக்டீரியா வகைகள் குறைவாகவும், வாலுள்ள ஃபேஜ் வகைகள் வழக்கத்தைவிட அதிகமாகவும் இருந்தன. அழற்சியால் பாக்டீரியா அழுத்தத்துக்கு உள்ளாகி, தூங்கிய ஃபேஜ்கள் விழித்திருக்கலாம். இல்லாவிட்டால் ஃபேஜ்கள் முதலில் பெருகிப் பாக்டீரியாக்களைக் குறைத்து அழற்சியைத் தூண்டியிருக்கலாம். புகை தீயைக் காட்டும், தீயை யார் மூட்டினார்கள் என்று சொல்லாது. சர்க்கரை நோய், உடல் பருமன், முதுமை என்று எதை எடுத்தாலும் குடல் ஃபேஜ் மாறியிருக்கிறது என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவும் இந்த வகைதான். மலத்தைப் பார்த்துச் சொல்லும் தொடர்பு, காரணம் அல்ல. படிக்கும்போது அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்தாக்கும் முயற்சி

காரணத்துக்குச் சற்று நெருக்கமாகப் போன சோதனைகள் சில உண்டு. ஆன்டிபயாடிக் எடுத்தபின் வரும் கடுமையான பேதிக்குக் காரணமான சி.டிஃபிசில் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், ஆரோக்கியமானவரின் மலத்தைக் குடலில் செலுத்தும் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர்கள் 2017-இல் ஒரு படி மேலே போனார்கள். தெரெல் செய்ததுபோலவே, பாக்டீரியா முழுவதையும் வடிகட்டிவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் நோய் நீங்கி, குறைந்தது ஆறு மாதம் திரும்பவில்லை. அந்த நீரில் ஃபேஜ்கள் இருந்தன. கூடவே பாக்டீரியாக்களின் உடைந்த துண்டுகளும் அவை சுரந்த பொருள்களும் இருந்தன. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கையும்கூட. ஆனாலும் நூறு வருடத்துக்கு முன் பாரிஸில் செய்த அதே வடிகட்டல் மறுபடி மருத்துவமனைக்குள் வந்ததைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

மதுவால் வரும் கல்லீரல் அழற்சியில் இலக்கு இன்னும் துல்லியம். எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற குடல் பாக்டீரியாவில் ஒரு வகை, செல்களைத் துளைக்கும் நச்சைச் சுரக்கிறது. 2019-இல் வந்த ஆய்வில், மலத்தில் அந்த வகை இருந்த நோயாளிகளில் 89 சதவீதம் பேர் 180 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். இல்லாதவர்களில் சுமார் 4 சதவீதம். அந்த நோயாளிகளின் மலத்தைக் குடியேற்றிய எலிகளுக்கு, நச்சு வகையை மட்டும் கொல்லும் ஃபேஜ்களைக் கொடுத்தபோது கல்லீரல் பாதிப்பு குறைந்தது. எந்த ஆன்டிபயாடிக்கும் இவ்வளவு பொறுக்கி எடுத்து அடிக்காது.

தோற்றதையும் சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் பேதியால் மருத்துவமனையில் சேர்ந்த ஆண் குழந்தைகளுக்கு, ஈ.கோலையைக் கொல்லும் டி4 வகை ஃபேஜ்கள் கொடுக்கப்பட்டன. 2016-இல் முடிவு வந்தது. தீங்கு எதுவும் இல்லை, பலனும் இல்லை. ஃபேஜ்கள் குடல் வழியே போய் மலத்தில் வெளிவந்தன, உள்ளே பெருகவே இல்லை. காரணம், அந்தக் குழந்தைகளின் மலத்தில் ஈ.கோலை மொத்தப் பாக்டீரியாவில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் கொடுத்த ஃபேஜுக்குக் கட்டுப்படும் ஈ.கோலை பாதிக் குழந்தைகளிடம்தான் இருந்தது. பலருக்கு வேறு கிருமிகளும் சேர்ந்திருந்தன. குடுவையைத் தெளியவைத்த அதே டி4 வகைதான். குடுவையில் ஒரே பாக்டீரியா நெருக்கியடித்து நிற்கிறது, இங்கே இரை தேடி அலைய வேண்டியிருந்தது.

அந்தத் தோல்விக்குப் பின் வந்தவர்கள் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். 2022-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரான் எலினாவின் குழு, முதலில் நான்கு நாடுகளின் குடல் அழற்சி நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படும், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் வகை ஒன்றை அடையாளம் கண்டது. அந்த வகை எலிகளில் அழற்சியைக் கூட்டுகிறது என்று உறுதிசெய்துகொண்டது. ஒரு ஃபேஜைக் கொடுத்தால் பாக்டீரியா தப்பித்துவிடும் என்பது தெரிந்ததே. அதனால் தப்பித்தவற்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி, வெவ்வேறு வழியில் தாக்கும் ஐந்து ஃபேஜ்களைக் கோத்தார்கள். எலிகளில் அந்தக் கிளெப்சியெல்லா குறைந்தது, அழற்சியும் தணிந்தது. பிறகு 18 ஆரோக்கியமான தன்னார்வலர்கள். வயிற்று அமிலம் ஃபேஜைச் சிதைத்துவிடும் என்பதால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் கூடவே கொடுத்தார்கள். பெரிய பக்கவிளைவு ஏதும் இல்லை. மலத்தில் வந்து சேர்ந்த ஃபேஜ்களை எடுத்துத் தட்டில் பரப்பிய கிளெப்சியெல்லா மேல் விட்டுப் பார்த்தபோது, அவை உயிர்ப்போடு தெளிவான வட்டங்களைப் போட்டன.